ஒன்பதாவது கேள்வி

அத்தியாயம் 7

"அக்கா, நாலு மணிக்குள்ள உலகத்தைக் காப்பாத்தணும். முதல்ல செருப்பைப் போடுங்க" என்றேன்.

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. தேர்வு அலுவலகத்தின் வாசலில், வாட்ச்மேன் பெரிய மனது பண்ணிப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்தார். காலை மணி பத்துதான் ஆகியிருந்தது. அதற்குள் அவர் முகத்தில் ஒரு வாரத்து அலுப்பு.

"உலகம் கிடக்கட்டும். ஒரு பொண்ணு பரீட்சை எழுதணும். அதுக்கே எனக்கு முழங்கால் வலிக்குது."

எங்கள் ஊரில் துப்பறிகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் எல்லாச் சுவரிலும் விளம்பரம் ஒட்டுகிறவர். இன்னொருவர் அக்கா. அவரிடம் ஆறு வருடமாக உதவியாளன் நான். பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்கு ஒன்று உண்டு. அக்கா 'ஓட்டைவாய்' என்று கூப்பிட ஆரம்பித்த பிறகு என் அம்மாவுக்கே அது மறந்துபோயிற்று.

விஷயம் இதுதான். நர்சிங் படிப்புக்கான நுழைவுத் தேர்வின் கேள்வித்தாள்கள் மலை மேலே இருக்கிற அச்சகத்தில் அச்சாகும். அங்கிருந்து கட்டுக் கட்டாக, முத்திரை வைத்து, ஒரு மின்சார வேனில் கீழே இந்த அலுவலகத்துக்கு வரும். இருபத்தாறு கிலோமீட்டர், முழுக்க இறக்கம். மூன்று வாரம் முன்னால் வந்த கட்டில் ஒரு முத்திரை பிரித்து ஒட்டப்பட்டிருந்தது. நாலாம் நாள் அந்தத் தாளின் நகல் ஒரு டியூஷன் சென்டரில் சிக்கியது. தாளை ரத்து செய்து புதிதாக அச்சடித்தார்கள். நாளைக் காலை ஒன்பதரைக்குத் தேர்வு.

திருடனையும் கண்டுபிடித்துவிட்டார்கள், வேன் ஓட்டிய டிரைவர். வண்டியை அலுங்காமல் குலுங்காமல் ஓட்டுவதால் அலுவலகத்தில் அவருக்கு 'நிதானம்' என்று பெயர். அன்றைக்கு அவர் இருபது நிமிடம் தாமதமாக வந்திருக்கிறார். அதைவிடப் பெரிய ஆதாரம் பாட்டரி. மேலே கிளம்பும்போது சார்ஜ் ஐம்பத்தேழு சதவீதம், கீழே வந்து சேரும்போது அறுபத்திரண்டு. நடுவில் எங்கேயோ நிறுத்தி சார்ஜ் போட்டிருக்கிறான், ஏறுகிற நேரத்தில் கட்டைப் பிரித்திருக்கிறான் என்பது விசாரணைக் குழுவின் கணக்கு.

நிதானம் சொன்ன பதில் இரண்டே வரி. வழியில் ரோடு வேலை, அதனால் தாமதம். இறக்கத்தில் சார்ஜ் தானாகவே ஏறும். இதைக் கேட்டுக் குழுவில் ஒருவர் சிரித்தே விட்டாராம். "இறக்கத்துல டீசல் ஏறுமாய்யா?"

வண்டிப் பிரிவு மேலாளரைக் கேட்டார்கள். "ஒண்ணு ரெண்டு ஏறலாம். அஞ்சு ஏறுமான்னு எனக்குத் தெரியாதுங்க. நான் டீசல் வண்டிலயே பொழுதைக் கழிச்சவன்" என்று அவர் பணிவாகச் சொல்லிவிட்டார். எழுத்தில் கொடுத்த அறிக்கையின் கடைசி வரியில் இன்னொன்றும் சேர்த்திருந்தார். 'டிரைவரின் மகளும் இதே தேர்வை எழுதுகிறாள். பெற்ற பாசம் யாரை விட்டது.'

மகள் எழுதுவதை அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்ததே நிதானம்தான். பிள்ளைகள் எழுதினால் ஊழியர்கள் அறிவிக்க வேண்டும் என்பது விதி. விதியை மதித்த மனிதரின் கழுத்துக்கு அந்தக் காகிதமே கயிறாகிவிட்டது. மகளின் ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைத்தார்கள். இன்று நாலு மணிக்குக் குழு கையெழுத்துப் போட்டால் அப்பாவுக்கு ஜெயில், மகளுக்கு மூன்று வருடம் தேர்வுத் தடை.

அந்தப் பெண் நேற்று எங்கள் அலுவலகத்துக்கு வந்து அழாமல் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "எங்கப்பாவால பொய் சொல்ல முடியாது மேடம், அவருக்கு அவ்வளவு வேகம் கிடையாது."

அதைக் கேட்டுத்தான் அக்கா இந்த வழக்கை எடுத்தார். எடுத்த கையோடு குழுவிடம் பேசி ஒரு சம்மதமும் வாங்கினார். அதே வேன், அதே சுமை, அதே பாதை. ஓட்டிக் காட்டுவோம். சார்ஜ் ஏறினால் டிரைவர் சொன்னது உண்மை.

"நோட்டைப் பார்க்கலாமா?" என்று அக்கா வாட்ச்மேனைக் கேட்டார்.

அவர் தன் பேரேட்டைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார். மேலே அச்சக வாசலில் சார்ஜை எழுதித் தருகிற சீட்டையும், கீழே வந்து நிற்கும்போது வண்டியில் தெரிகிற சார்ஜ் எண்ணையும் அவர் அதில் பதிவு செய்வார். பள்ளிக்கூடத்து நோட்டு மாதிரி வெள்ளைத் தாளில் அட்டை, அதன் மேல் லேபிள், ஓரமெல்லாம் கச்சிதமாக மடித்து ஒட்டியிருந்தது.

"அட்டை யார் போட்டது?"

"நான்தாம்மா. வந்த முதல் நாளே எல்லா நோட்டுக்கும் போட்டுடுவேன், பழக்கம். கூடுதலா அச்சடிச்ச தாளை எல்லாம் மேலாளர் எனக்குத்தான் குடுப்பாரு. எழுத்து உள்பக்கம் போற மாதிரி மடிச்சா வெளியே வெள்ளையா இருக்கும்."

அக்கா நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார். "நல்லா இருக்கு. எங்க ஓட்டைவாய்க்கும் ஒரு அட்டை போட்டு ஒட்டிவிடுங்க."

மலைக்குப் பஸ்ஸில் போனோம். சோதனைக்கான வேனை மேலாளர் நேற்றே மேலே அனுப்பி வைத்துவிட்டார். நிதானமும் எங்களோடு வந்தார். பணியிடைநீக்கத்தில் இருப்பதால் அவர் ஓட்டக் கூடாது, உட்கார்ந்து வரலாம். ஐம்பது வயதிருக்கும். மூன்று வாரமாகத் தூங்காத கண். ஜன்னலோரம் இடம் கொடுத்தேன். வழியெல்லாம் தன் கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அச்சகத்துக்குப் பின்னால் வண்டி ஷெட். நாலு வேன்கள் வரிசையாக நின்றன. மூன்றின் திரையிலும் சார்ஜ் எண்பது. எங்களுடையதில் மட்டும் நூறு.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "மேலாளர் காலைல போன் பண்ணாருங்க. விசாரணைக்கு வர்றவங்க நடு வழில நின்னுடக் கூடாது, ஃபுல்லா ஏத்தி வைன்னாரு."

"தங்கமான மனுஷன்" என்றேன். அக்கா அந்த நூறையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சுமையை ஏற்றுகிற வரை நான் சுவரைப் படித்துக்கொண்டிருந்தேன். சார்ஜ் மேடைக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'மின்வண்டி: ஓட்டுநர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்.' அடியில் மேலாளரின் கையெழுத்து, ஊதா முத்திரை.

"கேளுங்க அக்கா. ஒண்ணு, மழையில் சார்ஜ் போட்டால் ஷாக் அடிக்குமா? அடிக்காது. நாலு, ஹைபிரிட் என்றால் என்ன? பெட்ரோல் இன்ஜினும் பாட்டரியும் சேர்ந்தது. அதாவது அம்மா வீட்லயும் சோறு, மாமியார் வீட்லயும் சோறு. ஏழு, வழியில் சார்ஜ் தீர்ந்தால் என்ன செய்வது? தீர விடக் கூடாது. அடடா, என்ன ஞானம்! எட்டு, எவ்வளவு ஏற்றலாம்? தினசரி எண்பதுக்கு மேல் வேண்டாம், பாட்டரி ஆயுள் குறையும். பத்து, பாட்டரி எத்தனை வருடம்…"

"ஒன்பது?"

"ஒன்பதைக் காணோம். பிளேடால அழகா வெட்டி எடுத்திருக்காங்க. யாரோ ஞாபகார்த்தமா வெச்சுக்கிட்டாங்க போல."

அக்கா அருகில் வந்து அந்த ஓட்டையைப் பார்த்தார். சுவரின் மற்ற இடமெல்லாம் அழுக்கு. ஓட்டைக்குள் மட்டும் சுண்ணாம்பு பளிச்சென்று இருந்தது. "புதுசா வெட்டினது" என்று முணுமுணுத்துவிட்டு வேனில் ஏறி உட்கார்ந்தார்.

நான்தான் ஓட்டினேன். முதல் வளைவில் நூறு, ஐந்தாவது வளைவில் நூறு. நான் பாட்டுப் பாடி உற்சாகப்படுத்திப் பார்த்தேன். பத்தாவது வளைவில் தொண்ணூற்றொன்பது ஆயிற்று.

பின் சீட்டிலிருந்து நிதானம் வாயைத் திறந்தார். "தம்பி, காலை எடுத்தா வண்டி தானா இழுத்துப் பிடிக்குமே. பிடிக்கலையா?"

"இல்லண்ணே, சும்மா உருளுது. பிரேக்கை மிதிச்சு மிதிச்சு கால் வலிக்குது."

"இன்னிக்கு வண்டி வேற மாதிரி இருக்கு" என்றார். அவ்வளவுதான். அவர் சத்தியம் செய்திருந்தால் நான் இன்னும் அதிகம் கவனித்திருப்பேன். தேய்ந்த குரலில் சொன்னதால் விட்டுவிட்டேன்.

அலுவலக வாசலில் வேன் நின்றது. வாட்ச்மேன் எட்டிப் பார்த்து எழுதினார். தொண்ணூற்றெட்டு.

ஏறவில்லை, இரண்டு இறங்கியிருந்தது. பணம் வாங்கிக்கொண்டு ஒரு மனிதரை ஜெயிலுக்கு அனுப்புவதற்கு நாங்கள் எதற்கு, அதை அவர்களே செய்திருப்பார்களே!

அக்கா மெதுவாக இறங்கினார். நொண்டிக்கொண்டே முன் சக்கரத்துக்குப் போய், குனிந்து மூக்கைச் சுளித்தார். "ஓட்டைவாய், என்ன வாசனை?"

"தீஞ்ச வாசனை. பிரேக் சூடாகியிருக்கு."

"ம். மலை குடுத்ததெல்லாம் சூடாப் போயிடுச்சு. பாட்டரிக்குப் போகலை. ஏன் போகலை?" என்றவர், பதிலுக்குக் காத்திருக்காமல் படியேறினார்.

மாடியில் விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் நிதானத்தின் மகள் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு புத்தகம், மூடியே இருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்தாள்.

"ஏறிச்சா மேடம்?"

நான் தரையைப் பார்த்தேன். என் வாய்க்கு அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பூட்டு.

"இன்னும் இல்ல. உட்காரும்மா, படி" என்றார் அக்கா.

குழுத் தலைவி ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. மூக்கு நுனியில் கண்ணாடி. அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள், கொட்டாவியை அடக்கிக்கொண்டு. மேலாளர் ஓரமாக நின்றார். துவைத்துத் தேய்த்த சட்டை, நல்ல மனிதர் மாதிரியான முகம். மேஜை மேல் வாட்ச்மேனின் பேரேடு.

"நூறு, தொண்ணூத்தெட்டு" என்று தலைவி படித்தார். "இதுக்கு மேல என்ன இருக்கு?"

மேலாளர் பெருமூச்சு விட்டார். "எனக்கே கஷ்டமா இருக்கு மேடம். நல்ல டிரைவர்தான். ஆனா பெத்த பாசம்… அது யாரை விட்டுச்சு?" கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்தது.

அக்கா நாற்காலியைக் கேட்காமலே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ரெண்டு மூணு கேள்வி. நிக்க முடியலை, மன்னிக்கணும். மேலாளர் சார், உங்க வண்டியெல்லாம் எவ்வளவு வரைக்கும் சார்ஜ் போடுவீங்க?"

"எண்பதுங்க."

"ஏன்?"

"அது… விதி."

"இன்னிக்கு எங்க வண்டிக்கு மட்டும் நூறு?"

"உங்க மேல மரியாதைம்மா. வழில நின்னுட்டா?"

"மேலேருந்து கீழே இறங்கணும், இருபத்தாறு கிலோமீட்டர். தள்ளிவிட்டாலே வந்து சேர்ந்துடும். அதுக்கு எதுக்கு சார் நூறு?"

மேலாளர் சிரிக்கப் பார்த்தார். "எனக்கு டீசல்தாம்மா தெரியும். இந்த வண்டி சூட்சுமமெல்லாம்…"

"தெரியாது. சரி." அக்கா வாசல் பக்கம் திரும்பினார். "வாட்ச்மேன் அண்ணே, இந்த நோட்டுக்குப் போட்ட அட்டையைக் கொஞ்சம் கழட்டுங்க."

"அட்டையையா?" வாட்ச்மேனின் முகம் சுருங்கியது. "ஒட்டியிருக்கேம்மா."

"நான் புதுசு போட்டுத் தர்றேன்."

மேலாளரின் முகத்தை அப்போது பார்த்தேன். தேய்த்த சட்டைக்கு மேலே இருந்த தலை சட்டென்று கசங்கிப்போனது.

வாட்ச்மேன் மனசில்லாமல் மடிப்பு மடிப்பாகப் பிரித்தார். உள்பக்கம் எழுத்து. ஊதா முத்திரை. அதே தாள், ஒரு ஓட்டையும் இல்லாமல் முழுசாக இருந்தது. சுவரில் இருந்ததை வெட்டியவர், கூடுதல் என்று வாட்ச்மேனுக்குத் தூக்கிக் கொடுத்ததை மறந்துவிட்டார். மூன்று வாரமாக அது, குழு புரட்டிப் புரட்டிப் பார்த்த நோட்டின் முதுகிலேயே இருந்திருக்கிறது.

"ஓட்டைவாய், ஒன்பதைப் படி."

நான் படித்தேன். "'ஒன்பது. மலை இறங்கும்போது சார்ஜ் ஏறுமா? ஏறும். வண்டி தன் வேகத்தைத் தானே பிடித்து, அந்தச் சக்தியைப் பாட்டரிக்கு அனுப்பும். நம் மலைப்பாதையில் நான்கிலிருந்து ஆறு வரை ஏறும். ஆனால் முழுச் சார்ஜில் இறங்கினால் ஏறாது. நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்ற முடியாது.' கையெழுத்து, வண்டிப் பிரிவு மேலாளர்."

கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்த இருவரில் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"குடத்தை நிறைச்சு எங்க கையில குடுத்தீங்க" என்றார் அக்கா. குரலில் கோபமே இல்லை, அலுப்புதான் இருந்தது. "சோதனை தோக்கணும்னா எப்படித் தோக்கடிக்கணும்னு தெரிஞ்சிருக்கணும். அது தெரிஞ்சவருக்கு நிதானம் சொன்னது நிஜம்னும் முதல் நாளே தெரியும். நீங்க எண்பதோட விட்டிருந்தா, எழுதின தாளை மறந்துட்டேன்னு சொல்லி ஒருவேளை தப்பிச்சிருக்கலாம்."

அக்கா தலைவி பக்கம் திரும்பினார்.

"வண்டில ஏத்துறதுக்கு முன்னாடி கட்டு யார் பொறுப்புல இருந்தது?"

"அரை மணி நேரம் மேலே ஷெட்ல இருக்கிற இவர் அறையிலதான்" என்றார் தலைவி மெல்ல.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க சார்?"

"ஒரு பையன்."

"நாளைக்கு ஒன்பதரைக்கு அவன் எங்கே இருப்பான்?"

அந்தக் கேள்வி எந்தத் தாளிலும் இல்லை. மேலாளர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "பரீட்சை ஹால்ல. நாலாவது தடவை. தாளை அவனுக்கு மட்டும்தான் குடுத்தேன். அவன் சிநேகிதனுக்குக் குடுப்பான்னு நினைக்கலை."

"பெத்த பாசம்னு சொன்னப்போ உங்க குரல் நிஜமாவே உடைஞ்சுது. அடுத்த வீட்டுப் பாசத்துக்கு யாருக்கும் அப்படி உடையாது" என்றார் அக்கா. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டார்.

தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க அறிவிப்பும் குடுக்கலை" என்று மேலாளரிடம் சொன்னார். மேலாளர் தலையை ஆட்டினார். கதவோரம் நின்றிருந்த நிதானம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் வெற்றி இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு தகப்பன் இன்னொரு தகப்பனைப் பார்க்கிற பார்வை அது. எனக்குத் தாங்கவில்லை.

"தாள்ல எழுதியிருக்கிறது போதாது. நான் கண்ணால பார்க்கணும்" என்று தலைவி எழுந்தார். நாற்பது வருடம் பிள்ளைகளை வேலை வாங்கிய எழுச்சி. "அதே வண்டியை எடுங்க. மேலே போனா குடம் குறையும் இல்ல? ஏறிட்டு இறங்குவோம். டிரைவரே ஓட்டட்டும்."

மறுபடியும் மலையா என்று நான் முனகினேன். அக்கா அதைவிடச் சத்தமாக முனகினார்.

மேலே போய்ச் சேர்ந்தபோது எழுபத்தாறு. வெயில் தாழ்ந்துவிட்டது. நிதானம் வண்டியைத் திருப்பி, பெயருக்கேற்ற நிதானத்தோடு இறக்கினார். பிரேக்கில் அவர் கால் படவே இல்லை. வளைவுக்கு முன்னால் காலை எடுப்பார். பழகிய மாடு மாதிரி வண்டி தானே அடங்கும். தலைவி முன் சீட்டில் திரையைப் பார்த்தபடி வருகைப்பதிவு எடுப்பது போலக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். "எழுபத்தேழு… எழுபத்தெட்டு…" பின்னால் எங்களோடு உட்கார்ந்திருந்த மகள் ஒவ்வொன்றுக்கும் உதட்டை அசைத்தாள். "எழுபத்தொன்பது… எண்பது…" கடைசி வளைவில், அலுவலகத்தின் கூரை தெரிகிற இடத்தில், தலைவி ஒரு நொடி நிறுத்திச் சொன்னார். "எண்பத்தொண்ணு."

அதே ஐந்து. யாரும் கைதட்டவில்லை. நிதானத்தின் தோள் மட்டும் இறங்கியது, மூன்று வாரம் தூக்கி வைத்திருந்த எதையோ கீழே வைத்தது போல.

வாசலில் வண்டி நின்றதும் தலைவி கைப்பையிலிருந்து ஹால் டிக்கெட்டை எடுத்தார். "பேனா ரெண்டு எடுத்துட்டுப் போ. ஒண்ணு கண்டிப்பா தகராறு பண்ணும்." அந்தப் பெண் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அதுவரை அழாதவள் அப்போது அழுதாள்.

"டிரைவர், நீங்க மறுபடியும் வேலைக்கு வந்தாச்சு" என்றார் தலைவி. "புதுத் தாள் கட்டு இன்னும் மேலதான் இருக்கு. காலைல ஆறு மணிக்கு நீங்களே எடுத்துட்டு வாங்க. இனிமே உங்களை விட நம்பிக்கையான ஆள் எனக்கு இல்ல."

நிதானம் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார்.

"வேண்டாம் மேடம்."

"ஏன்?"

"நாளைக்கு எம்பொண்ணு எழுதுறா. நான் கட்டைத் தொடக் கூடாது. போன தடவையும் அதுக்குத்தான் எழுதிக் குடுத்தேன், என்னை இந்த டிரிப்புக்குப் போடாதீங்கன்னு. அந்தக் காகிதத்துல கடைசி வரி அதுதான். யாரும் அதுவரைக்கும் படிக்கலை."

தலைவி மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அக்கா கண்ணை மூடியபடி என் விலாவில் இடித்தார்.

"ஓட்டைவாய், உனக்குப் பிள்ளை குட்டி கிடையாதே?"

"இல்லக்கா."

"அப்போ காலைல அஞ்சு மணி பஸ்ஸைப் பிடி. எண்பதுக்கு மேல ஏத்தாதே."